ஷார்ட்ஸ்டாப் நல்லவரா இல்லையா, எதை வைத்துச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஷார்ட்ஸ்டாப்பைப் பற்றி எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பேட்டிங் பற்றி இங்கே பேச்சு இல்லை, தடுப்பாட்டம் மட்டும்தான். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றைத் தொட்டுச் செல்லும் என்பதால், புதிதாக வருகிறவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஷார்ட்ஸ்டாப்னா யாரு, எங்க நிப்பாரு?

பேஸ் என்பது ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய முனை. அதில் இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்கும் ஃபீல்டர்தான் ஷார்ட்ஸ்டாப். மற்ற மூன்று இன்ஃபீல்டர்களுக்கும் (உள்மைதானத்தில் நிற்பவர்கள்) ஆளுக்கொரு பேஸ் உண்டு. இவருக்கென்று பேஸ் கிடையாது, இடைவெளிதான் இவருடைய இடம். பேட்டரிடமிருந்து சுமார் 145 அடி தள்ளி நிற்பார். அங்கிருந்து முதல் பேஸ் ஏறக்குறைய 125 அடி. வலதுகை பேட்டர்கள் இழுத்து அடிக்கும் பந்து இந்தப் பக்கம் உருண்டு வருவதால் வேலைக்குக் குறைவே இருக்காது.

பந்து பிடித்து எறிவதோடு முடிவதில்லை. ஓட்டக்காரர் இரண்டாவது பேஸைத் திருட வந்தால், அதாவது பந்து அடிக்கப்படாமலே ஓடி வந்தால், அங்கே ஓடிப்போய்ப் பந்தோடு அவரைத் தொட வேண்டும். ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட் ஆக்கும் டபுள் ப்ளேயில் நடு ஆளாக நிற்க வேண்டும். வெளிமைதானத்திலிருந்து வரும் எறியை இடைமறித்து, பேட்டர் நிற்கும் ஹோமுக்குத் திருப்பிவிடுவதும் இவர் பொறுப்பு. 2023 முதல் ஒரு விதி உண்டு: பந்து வீசப்படும்போது இரண்டாவது பேஸின் இருபுறமும் தலா இரண்டு இன்ஃபீல்டர்கள் நிற்க வேண்டும், நால்வரின் கால்களும் இன்ஃபீல்ட் எல்லைக்குள் இருக்க வேண்டும். முன்புபோல மூன்று பேரை ஒரே பக்கம் குவித்துவிட்டு ஷார்ட்ஸ்டாப்பின் குறையை மறைக்க இப்போது வழியில்லை.

இடதுகைக்காரங்க யாருமே ஷார்ட்ஸ்டாப்பா இல்லையே, ஏன்?

முதல் பேஸ் இவருக்கு இடப்பக்கம் இருக்கிறது. வலது கையால் எறிபவர் பந்தை எடுத்த நிலையிலிருந்து ஓர் அடி வைத்தால் போதும், இடது தோள் தானாகவே முதல் பேஸைப் பார்த்துவிடும். இடது கையால் எறிபவர் உடம்பையே திருப்பியாக வேண்டும். அதில் போகும் நேரத்தைத் திரும்பப் பெற முடியாது. நேரத்துக்கு இவ்வளவு கஞ்சத்தனம் ஏன் என்பது அடுத்த பதிலில்.

நாலு செகண்டுல எல்லாம் முடிஞ்சுடணும்னு சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

ஹோமிலிருந்து முதல் பேஸ் 90 அடி. சராசரி பேட்டர் அடித்த கையோடு ஓடி அதைத் தொடச் சுமார் 4.3 வினாடி ஆகும். வேகக்காரர்கள் நான்கு வினாடியில், அதற்கும் குறைவில்கூடத் தொட்டுவிடுவார்கள். இடதுகை பேட்டர் முதல் பேஸுக்கு ஓரிரு அடி பக்கத்தில் நிற்பதால் அவருக்கு அந்த ஆதாயமும் சேரும்.

இனி ஷார்ட்ஸ்டாப் பக்கம் வாருங்கள். மிதமான வேகத்தில் தரையோடு வரும் பந்து அவர் க்ளவுக்குள் வர இரண்டு வினாடி என்று வைத்துக்கொள்வோம். க்ளவிலிருந்து வலது கைக்கு மாற்றி, கால் வைத்து, கையை விட்டுப் பந்து போக 0.9 வினாடி. மணிக்கு 85 மைல் வேகத்தில் விட்ட பந்து 125 அடியைக் கடக்க 1.1 வினாடி. கூட்டினால் நான்கு. கையில் மிஞ்சுவது 0.3 வினாடி. ஓடுபவர் வினாடிக்கு 27 அடி ஓடுகிறார் என்றால் (லீக் சராசரி வேகம் அதுதான்) அவர் பேஸுக்கு எட்டடி பின்னால் இருப்பார்.

இது நேராக வந்த பந்துக்கு. மூன்றாவது பேஸ் பக்கமுள்ள இடைவெளியை 'ஹோல்' என்பார்கள். அங்கே வலப்பக்கம் நாலைந்து எட்டு ஓடி, க்ளவைத் திருப்பிப் பின்கையால் பந்தை எடுத்தால் எறியும் தூரம் 135 அடியைத் தாண்டிவிடும். உடம்பும் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும். அந்த 0.3 வினாடி அங்கேயே கரைந்துபோகிறது. நல்ல ஷார்ட்ஸ்டாப்புக்கும் சுமாரானவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்தப் பந்தில்தான் தெரியும்.

எரர் கம்மியா பண்றவர்தானே நல்ல ஷார்ட்ஸ்டாப்?

இல்லை. எல்லோரும் விழும் முதல் குழி இது. எரர் என்பது எடுத்திருக்க வேண்டிய பந்தைத் தவறவிட்டதற்கு எழுதும் பிழை. ஃபீல்டிங் சதவீதம் என்பது புட்அவுட்டையும் (தானே முடித்த அவுட்) அசிஸ்ட்டையும் (எறிந்து உதவிய அவுட்) கூட்டி, அதை எரரும் சேர்ந்த மொத்தத்தால் வகுப்பது. கை பட்ட பந்துகள் மட்டுமே இந்தக் கணக்குக்குள் வரும். எட்டாமல் போன பந்துக்கு எரர் எழுதுவதில்லை, அது பேட்டரின் ஹிட், அதாவது அவர் அடித்துச் சம்பாதித்த பேஸ். ஆகவே மெதுவாக நகர்பவருக்கு இந்தச் சதவீதம் சலுகை காட்டுகிறது.

இரண்டு சீசன்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1990-ல் பால்டிமோரின் கால் ரிப்கென் 161 ஆட்டங்களில் 242 புட்அவுட், 435 அசிஸ்ட், வெறும் 3 எரர். சதவீதம் .996. 1980-ல் சான் டியேகோவின் ஆஸி ஸ்மித் 158 ஆட்டங்களில் 288 புட்அவுட், 621 அசிஸ்ட், 24 எரர். சதவீதம் .974. எரரை மட்டும் பார்த்தால் ரிப்கென் எட்டு மடங்கு மேல். ஆனால் ஸ்மித் பங்கெடுத்த அவுட்கள் 909, ரிப்கெனுக்கு 677. 21 எரர் கூடுதல் என்பதற்கு எதிரே 232 அவுட்கள் கூடுதல். அந்த 621 அசிஸ்ட்தான் ஒரு சீசனில் ஷார்ட்ஸ்டாப் எடுத்த அதிகபட்சம், இன்றுவரை.

இந்த 232 முழுவதையும் ஸ்மித்தின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. பிட்ச்சர்கள் (பந்து வீசுபவர்கள்) எத்தனை பேரை ஸ்ட்ரைக்அவுட் ஆக்கினார்கள், அதாவது ஃபீல்டருக்கு வேலையே வைக்காமல் அவுட் ஆக்கினார்கள், எத்தனை பந்து தரையோடு வந்தது, எதிரணி பேட்டர்கள் எந்தக் கை என்பதெல்லாம் அதில் கலந்திருக்கிறது. ரிப்கெனும் சாதாரண ஆள் இல்லை. 1984-ல் அவர் எடுத்த 583 அசிஸ்ட் அமெரிக்கன் லீக் (மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) சாதனை. வேடிக்கை என்னவென்றால், மூன்றே எரர் செய்த அந்த 1990-ல் அமெரிக்கன் லீக்கின் சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்ட் க்ளவ் விருது அவருக்குக் கிடைக்கவில்லை, சிகாகோ வைட் சாக்ஸின் ஆஸி கியேனுக்குப் போனது.

எது எரர், எது ஹிட்னு யாரு முடிவு பண்றது?

பிரஸ் பாக்ஸில் உட்கார்ந்திருக்கும் அதிகாரபூர்வ ஸ்கோரர். 'சாதாரண முயற்சியில்' எடுத்திருக்கக்கூடிய பந்தா என்பதுதான் அவருடைய அளவுகோல். எது சாதாரணம் என்பது அவர் கண்ணைப் பொறுத்தது. பந்து க்ளவில் படாமலே கால்களுக்கு நடுவே போனாலும் எரர் எழுதலாம். ஆனால் தாமதமாக நகர்ந்ததற்கோ, தப்பான பேஸுக்கு எறிந்ததற்கோ எரர் கிடையாது. டபுள் ப்ளேயின் இரண்டாவது அவுட்டை எடுக்கத் தவறினாலும், எறி சிதறிப்போய் ஓட்டக்காரர் கூடுதல் பேஸ் எடுத்தால் ஒழிய எரர் இல்லை. இந்த மூன்று ஓட்டையும் தெரிந்தால் எரர் எண்ணிக்கையின் மேல் உள்ள பக்தி தானாகக் குறையும்.

ரேஞ்ச் ரேஞ்ச்ங்கிறாங்களே, வேகமா ஓடுறதுதானே?

ஓட்ட வேகம் அதில் ஒரு பங்குதான். ஷார்ட்ஸ்டாப் முழு வேகத்தை எட்டுவதற்கு முன்பே பந்து வந்துவிடும். அவர் ஓடுவது பெரும்பாலும் நாலைந்து எட்டுகள்தான். அதனால் முதல் அடி எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு சரியான கோணத்தில் விழுகிறது என்பதே பெரிய விஷயம். பந்து பேட்டில் படும் கணத்தில் இரண்டு கால்களும் மெல்லக் குதித்துத் தரையில் பதிந்திருக்க வேண்டும். அப்போதுதான் எந்தப் பக்கமும் உதைத்துக் கிளம்பலாம். குதிகாலில் எடை இருந்தால் முதல் அரை அடி பின்னோக்கிப் போய்விடும்.

மீதி, நிற்கும் இடம். ரிப்கென் ஆறடி நான்கு அங்குலம், இந்த இடத்துக்குப் பெரிய உடம்பு, மின்னல் வேகமும் கிடையாது. பேட்டரையும், அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சர் பிட்ச்சரிடம் கேட்கும் பந்தையும் பார்த்து முன்கூட்டியே இரண்டு அடி நகர்ந்து நிற்பதில்தான் அவர் ஈடுகட்டினார். இரண்டு அடி முன்னதாக நின்றவர் இரண்டு அடி குறைவாக ஓடினால் போதும். பார்ப்பவருக்கு அது சுலபமான பந்துபோலத் தெரியும்.

டைவ் அடிச்சுப் பிடிக்கிறவர்தான் கெட்டிக்காரர்னு நினைச்சேன்...

டைவ் அடித்துப் பிடித்துவிட்டால் மட்டும் அவுட் வராது. எழுந்து எறிய வேண்டும். மேலே பார்த்த நேரக்கணக்கில் எழுவதற்கென்று இடமே இல்லை. ஆகவே காலில் நின்றபடி பின்கையால் எடுக்க முடிந்த பந்துக்கு டைவ் அடிப்பது நஷ்டம். ஒரே பந்துக்கு ஒருவர் விழுந்து புரண்டு எழுகிறார், இன்னொருவர் நடந்து போய் எடுப்பதுபோல எடுக்கிறார் என்றால் இரண்டாமவர்தான் மேல். ஆனால் தொலைக்காட்சி தொகுப்பில் வருவது முதல் ஆள்தான்.

கை பலம் எவ்வளவு முக்கியம்?

முக்கியம்தான், ஆனால் நினைக்கிற அளவு இல்லை. ஹோலிலிருந்து 138 அடி எறிவதாக வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 85 மைல், 80 மைல் எறிகளுக்கு இடையே சுமார் 0.07 வினாடி வித்தியாசம் வரும். ஓட்டக்காரரின் இரண்டடி. க்ளவிலிருந்து கைக்கு மாற்றும்போது 0.1 வினாடி தடுமாறினால் அதைவிட அதிகம் போய்விடுகிறது. சிக்காகோ கப்ஸின் டான்ஸ்பி ஸ்வான்சன் கை பலத்தில் ஷார்ட்ஸ்டாப்களின் சராசரிக்குக் கீழே இருந்துகொண்டே 2022-லும் (அப்போது அட்லாண்டாவில்) 2023-லும் கோல்ட் க்ளவ் வாங்கியதற்கு இந்தக் கணக்குதான் காரணம். நகர்வும் விரல்களும் அவருக்கு ஈடு கொடுத்தன.

எதிர்முனையில் பிட்ஸ்பர்கின் ஓனீல் க்ரூஸ். 2022-ல் 97.8 மைல் வேகத்தில் முதல் பேஸுக்கு எறிந்தவர், 2024-ல் சென்டர் ஃபீல்டுக்கு (வெளிமைதானத்தின் நடுப்பகுதி) மாற்றப்பட்டார். பீரங்கி இருந்தும் குறி, கால்வைப்பு, நிதானம் மூன்றும் சேர்ந்து வரவில்லை. கை தளர்ந்தவருக்கு வேறு வழிகளும் உண்டு. சின்சினாட்டியின் டேவ் கான்செப்சியோன் முழங்கைத் தொல்லைக்குப் பிறகு செயற்கைப் புல்தரையில் பந்தை ஒருமுறை குத்தி முதல் பேஸுக்கு அனுப்பும் எறியைக் கைவரப் பண்ணினார். அந்தத் தரையில் பந்து வேகம் இழக்காமல் சீராக எழும்பும். இயற்கைப் புல்லிலும் மண்ணிலும் அதே உத்தி அவ்வளவு நம்பகமாக எடுபடாது.

இவங்க க்ளவ் ஏன் இவ்ளோ சின்னதா இருக்கு?

பெரும்பாலும் 11.5 அல்லது 11.75 அங்குலம், குழி ஆழமில்லாதது. ஆழமான குழியில் பந்து பத்திரமாக இருக்கும், ஆனால் வலது கை உள்ளே போய்த் தேட வேண்டும். இங்கே க்ளவ் என்பது பந்தைப் பிடித்து வைப்பதற்கல்ல, கைக்கு மாற்றிவிடுவதற்கு.

கோல்ட் க்ளவ் வாங்கினவர்தானே அந்த வருஷத்துல பெஸ்ட்?

பல வருடங்களில் ஆம், சில வருடங்களில் சிரிப்பு. 1957-ல் தொடங்கிய இந்த விருதை மேனேஜர்களும் பயிற்சியாளர்களும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், தன் அணி ஆளுக்குப் போட முடியாது. அவர்கள் ஆட்டம் தெரிந்தவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு எதிரணி ஆளையும் ஆண்டில் சில ஆட்டங்களே பார்க்கிறார்கள், பெயருக்கும் பேட்டிங்குக்கும் மயங்குகிறார்கள். 1999-ல் முதல் பேஸில் 28 ஆட்டங்களே ஆடிய ரஃபேல் பால்மெய்ரோவுக்கு முதல் பேஸ் கோல்ட் க்ளவ் போனது இதற்கு நிரந்தர உதாரணம்.

ஷார்ட்ஸ்டாப்பில் பெரிய சண்டை டெரெக் ஜீட்டர் பற்றியது. 2004, 2005, 2006, 2009, 2010 என ஐந்து கோல்ட் க்ளவ். கை நம்பகமானது, எரர் குறைவு, ஹோலிலிருந்து எகிறி எறிவது கண்ணுக்கு விருந்து. ஆனால் இடப்பக்கம், அதாவது நடுவே போகும் பந்துகள் அவரைத் தாண்டிக்கொண்டே இருந்தன. அவுட் கணக்கு முறைகள் அவரைப் பெரும்பாலான ஆண்டுகளில் சராசரிக்குக் கீழேதான் வைக்கின்றன. அதே காலத்தில் ஹூஸ்டனின் ஆடம் எவரெட்டுக்கு ஒரு கோல்ட் க்ளவ்கூட இல்லை. பேட்டிங் சரியில்லை, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. காணொளியும் எண்ணும் பார்த்துத் தேர்வு செய்யும் ஃபீல்டிங் பைபிள் விருது 2006-ல் தொடங்கியபோது முதல் ஷார்ட்ஸ்டாப் விருது அவருக்குத்தான் போனது.

2013 முதல் கோல்ட் க்ளவ் தேர்விலும் சுமார் கால் பங்கு எண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பிறகு பெரிய அபத்தங்கள் குறைந்துவிட்டன. பிளாட்டினம் க்ளவ் வேறு சங்கதி. அது 2011 முதல் ரசிகர் ஓட்டு கலந்து தரப்படுகிறது, இந்தக் கேள்விக்கு அது உதவாது.

டி.ஆர்.எஸ்., யு.இசட்.ஆர்., ஓ.ஏ.ஏ... எனக்கு ஒன்னுமே புரியல

மூன்றும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: இந்தப் பந்தைச் சராசரி ஷார்ட்ஸ்டாப் எத்தனை முறை அவுட் ஆக்குவார், இவர் ஆக்கினாரா? எளியது ஓ.ஏ.ஏ., அதாவது சராசரிக்கு மேல் எடுத்த அவுட்கள். மைதானத்துக் கேமராக்கள் நான்கு விஷயங்களை அளக்கின்றன: பந்தை மறிக்க எவ்வளவு தூரம் ஓட வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது, எறிய வேண்டிய பேஸ் எவ்வளவு தூரம், ஓடும் பேட்டர் எவ்வளவு வேகம். இவற்றை வைத்து அந்தப் பந்து அவுட் ஆகும் வாய்ப்பு 70 சதவீதம் என்று வந்தால், எடுத்தவருக்கு +0.3, விட்டவருக்கு -0.7. சீசன் முழுக்கக் கூட்டினால் அவருடைய எண். பத்துக்கு மேல் என்றால் நல்ல ஃபீல்டர், இருபதை ஒட்டினால் உச்சாணி.

டி.ஆர்.எஸ். (தடுத்து மிச்சப்படுத்திய ரன்கள்), யு.இசட்.ஆர். (பந்து போன பகுதியை வைத்துப் போடும் கணக்கு) இரண்டும் அவுட்டை ரன்னாக மாற்றிச் சொல்பவை, 2000-களின் தொடக்கத்து ஆண்டுகளிலிருந்து கிடைக்கின்றன. இவற்றில் பந்து எங்கே, எவ்வளவு வேகத்தில் போனது என்பதைக் காணொளி பார்த்துக் குறித்தவர்களின் உழைப்பு இருக்கிறது. டபுள் ப்ளேயும் கணக்கில் சேரும். 2013-ல் அட்லாண்டாவின் ஆண்ட்ரெல்டன் சிம்மன்ஸ் டி.ஆர்.எஸ்.ஸில் 41 எடுத்தார். சராசரி ஆள் நின்றிருந்தால் விட்டிருக்கும் 41 ரன்னை இவர் தடுத்தார் என்று பொருள். பத்து ரன் ஏறக்குறைய ஒரு வெற்றி என்பது பொதுக்கணக்கு. பேட்டைத் தொடாமலே நான்கு வெற்றி!

ஒரே ஆளுக்கு ஒன்னுல பிளஸ், இன்னொன்னுல மைனஸ். எதை நம்புறது?

முதலில் அலகைப் பாருங்கள். ஓ.ஏ.ஏ. அவுட், மற்றவை ரன். இன்ஃபீல்டில் ஓர் அவுட் சுமார் 0.75 ரன். ஓ.ஏ.ஏ. 12-ம் டி.ஆர்.எஸ். 9-ம் சண்டை போடவில்லை, ஒன்றையேதான் சொல்கின்றன.

அலகைச் சரிசெய்த பிறகும் வித்தியாசம் இருந்தால், நிற்கும் இடம்தான் பெரும்பாலும் காரணம். ஓ.ஏ.ஏ. பந்து அடிக்கப்படும்போது ஃபீல்டர் எங்கே நின்றார் என்பதிலிருந்து அளக்கிறது. சரியான இடத்தில் நின்றதற்கு அதில் மதிப்பெண் இல்லை. ரேஞ்ச் பற்றிய பதிலில் வந்த ரிப்கென் போன்றவரின் சாமர்த்தியம் அங்கே காணாமல்போகும். பழைய டி.ஆர்.எஸ். எதிர்ப்பக்கம் தவறியது. 2012-ல் டொராண்டோ அணி மூன்றாவது பேஸ்காரர் பிரெட் லாரியை ஷிஃப்ட்டில், அதாவது ஃபீல்டர்களை ஒரே பக்கம் குவிக்கும் ஏற்பாட்டில், எதிர்ப்பக்கம் உள்ள ரைட் ஃபீல்டில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே அவர் எடுத்த பந்துகள் 'மூன்றாவது பேஸ்காரர் எட்டவே முடியாத பந்து' என்று பதிவாகி எண் வானத்துக்குப் போனது. நிற்க வைத்தது அணி, பெயர் வாங்கியது அவர். 2020-ல் டி.ஆர்.எஸ். இன்ஃபீல்டர்களுக்கான கணக்கைத் திருத்தி, நிற்கும் இடத்தை அணியின் கணக்குக்கு மாற்றிவிட்டது. இப்போதுள்ள வீரர்களுக்கு ஓ.ஏ.ஏ.வையும் டி.ஆர்.எஸ்.ஸையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒரே திசை காட்டினால் நம்பலாம். எதிரெதிரே காட்டினால் அவர் சராசரிக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வது பத்திரம்.

ஃபேன்கிராஃப்ஸ் புள்ளிவிவரத் தளத்துல 'டெஃப்'னு ஒரு எண் இருக்கு. அதுல எல்லா ஷார்ட்ஸ்டாப்பும் நல்லா இருக்காங்களே?

அதில் இடத்துக்கான கூடுதல் மதிப்பெண் சேர்ந்திருக்கிறது. முழு சீசன் ஷார்ட்ஸ்டாப்பாக நின்றாலே +7.5 ரன். முதல் பேஸில் நின்றால் -12.5. கடினமான இடத்தில் நிற்கிறார் என்பதற்கான ஈடு அது. ஷார்ட்ஸ்டாப்பை முதல் பேஸ்காரரோடு ஒப்பிட அந்த எண் சரி. ஷார்ட்ஸ்டாப்பை ஷார்ட்ஸ்டாப்போடு ஒப்பிட அது தேவையில்லாத சுமை. 'டெஃப்' +5 என்பவர் தன் இடத்தில் சராசரிக்குக் கீழே இருக்கக்கூடும்.

எத்தனை மேட்ச் பார்த்தா ஒருத்தரைப் பத்தி முடிவா சொல்லலாம்?

ஒரு மாதம் போதாது, ஒரு சீசனும் தடுமாற்றம்தான். ஷார்ட்ஸ்டாப்பிடம் வரும் பந்துகளில் பெரும்பகுதி யாரும் எடுப்பது. தரம் பிரிப்பவை நடுத்தரக் கடினமான கொஞ்சம் பந்துகளே. அவை இரண்டு வாரம் சாதகமாக வந்தாலே எண் மாறிவிடும். தடுப்பாட்ட எண்ணுக்கு மூன்று ஆண்டு சேர்த்துப் பார்ப்பதுதான் பழகிவந்த வழி. ஜூன் மாதத்தில் 'இவர்தான் லீக்கிலேயே மோசம்' என்று எண் காட்டிக் கத்துபவர்களைக் கண்டால் நகர்ந்துவிடலாம்.

2024-ல எல்லி டி லா க்ரூஸ் 29 எரர் பண்ணாரு. அவரை எப்படி நல்ல ஃபீல்டர்னு சொன்னாங்க?

எரர் பற்றிய பதிலை ஒருமுறை திரும்பிப் படியுங்கள். அந்த ஆண்டு ஷார்ட்ஸ்டாப்களில் அதிக எரர் அவருடையது, அதே ஆண்டில் ஓ.ஏ.ஏ. பட்டியலில் மேல்வரிசையிலும் இருந்தார். ஓ.ஏ.ஏ. எரரை மன்னிப்பதில்லை. 95 சதவீத வாய்ப்புள்ள பந்தைக் கோட்டை விட்டால் -0.95 கழிந்துவிடும். அத்தனை கழிவுக்குப் பிறகும் எண் மேலே நின்றது என்றால், மற்றவர்கள் தொடவே முடியாத பந்துகளை அவர் அவ்வளவு எடுத்திருக்கிறார்.

இருந்தாலும் ஒரு சந்தேகம் நியாயமானது. கைக்கு வந்த பந்தை விடுவது பிட்ச்சரை மனதளவில் தளர்த்தும் என்று மேனேஜர்கள் சொல்வார்கள். அதை யாரும் உருப்படியாக அளந்து காட்டவில்லை. அவுட் அவுட்தான்.

டபுள் ப்ளே எண்ணிக்கையைப் பார்த்துச் சொல்லலாமா?

தனியாகப் பார்த்தால் ஏமாறுவீர்கள். முதல் பேஸில் ஆள் இருந்தால்தான் டபுள் ப்ளே வரும். ஆட்களை அதிகம் பேஸில் ஏற்றும் மோசமான பிட்ச்சர்கள் உள்ள அணியில் ஷார்ட்ஸ்டாப்புக்கு வாய்ப்பும் அதிகம். ஓமர் விஸ்கெல் 1,734 டபுள் ப்ளேயில் பங்கெடுத்ததற்குத் திறமையோடு, 2,709 ஆட்டங்கள் அந்த இடத்தில் நின்றதும் காரணம். இரண்டுமே ஷார்ட்ஸ்டாப் சாதனைகள்.

பார்க்க வேண்டியது கால். இரண்டாவது பேஸ்காரர் தரும் பந்தை வாங்கும்போது இடது கால் பேஸின் விளிம்பை உரசி, வலது கால் அப்பால் பதிந்து, உடம்பு ஏற்கெனவே முதல் பேஸ் நோக்கிப் போய்க்கொண்டிருக்க வேண்டும். பேஸின் மேல் நின்று வாங்குபவர் தாமதிக்கிறார், அடியும் படுகிறார். 2015 பிளேஆஃப்ஸில் டாட்ஜர்ஸின் சேஸ் அட்லி சறுக்கி மோதியதில் மெட்ஸ் ஷார்ட்ஸ்டாப் ரூபென் தெஹாடாவின் கால் எலும்பு முறிந்தது. 2016-ல் சறுக்கல் விதி இறுகியது. அதோடு, பேஸைத் தொட்டாரா என்பதையும் ரீப்ளேயில் பார்க்கத் தொடங்கினார்கள். பேஸுக்குப் பக்கத்தில் கால் வைத்தாலே அவுட் என்று விட்டுவிடும் பழைய வழக்கம் அத்தோடு போயிற்று.

எந்தக் கணக்குலயும் வராத விஷயம் ஏதாவது இருக்கா?

ஓ.ஏ.ஏ.வில் வராதது முதலில் டேக். பேஸ் திருட வருபவரைத் தொடும் வேகம். ஹாவியர் பயேஸ் இதில் தனி ரகம். கேட்சரின் எறி வரும்போது க்ளவை முன்னே நீட்டிப் பிடித்துப் பின்னால் இழுக்காமல், பந்தைத் தானாக வரவிட்டு அதே அசைவில் ஓட்டக்காரர் மேல் இறக்கிவிடுவார். 'எல் மாகோ', அதாவது மாயாஜாலக்காரர் என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. இடைமறித்து எறியும் ரிலேயும் அப்படித்தான்.

இன்னொன்று முதல் பேஸ்காரரின் கைவண்ணம். முன்னால் குத்தி எழும் எறியை அள்ளி எடுக்கத் தெரிந்தவர் அங்கே இருந்தால் ஷார்ட்ஸ்டாப்பின் கெட்ட எறியும் அவுட் ஆகும். அள்ளத் தெரியாதவர் நின்றால் அதே எறி எரர். அணி மாறிய ஷார்ட்ஸ்டாப்பின் எண் திடீரென்று தாவினால் எதிர்முனையில் யார் நிற்கிறார் என்று பாருங்கள்.

டிவியில பார்க்கும்போது எதைக் கவனிக்கணும்?

தொலைக்காட்சி இந்த விஷயத்தில் பெரும் துரோகி. பந்து வீசும்போது கேமரா சென்டர் ஃபீல்டிலிருந்து பிட்ச்சரையும் பேட்டரையும் காட்டும். அடி விழுந்த பிறகு காட்சி மாறி ஷார்ட்ஸ்டாப் தெரியும்போது முதல் இரண்டு அடி முடிந்துபோயிருக்கும். மிக முக்கியமானதே போச்சு. ஹோமுக்குப் பின்னால் உயரத்திலிருந்து எடுத்த ரீப்ளே வந்தால் அதைத் தவறவிடாதீர்கள். மைதானத்தில் இருந்தால் பந்தைப் பார்க்காமல் ஒரு இன்னிங்ஸ் முழுக்க அவரையே பாருங்கள். ஒவ்வொரு பந்துக்கும் குதித்துப் பதிகிறாரா, பேட்டர் மாறும்போது இடம் மாறுகிறாரா?

கையில் கைபேசி ஸ்டாப்வாட்ச் இருந்தால் பந்து க்ளவில் படும் சத்தத்தில் தொடங்கி, கையை விட்டுப் போகும்போது நிறுத்துங்கள். பத்துப் பதினைந்து பந்துக்குச் செய்தால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் புரியும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: மெதுவாக ஓடும் பேட்டர் என்று தெரிந்தால் நல்லவர்கள் வேண்டுமென்றே நிதானமாக எறிவார்கள். அது சோம்பல் இல்லை.

கடைசியா ஒன்னு. ஆஸி ஸ்மித்தா, சிம்மன்ஸா? ஒரே பெயர் சொல்லுங்க

இரண்டு காலத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. 1980-ல் ஓர் அணி ஆட்டத்துக்கு ஐந்துக்கும் குறைவான ஸ்ட்ரைக்அவுட் ஆனது, 2019-ல் ஒன்பதை நெருங்கியது. இன்றைய ஷார்ட்ஸ்டாப் யாராக இருந்தாலும் 621 அசிஸ்ட்டை எட்டப் பந்தே வராது. பழைய காலத்துக்குக் கேமரா அளவும் இல்லை. ஆட்டக் குறிப்புகளிலிருந்து பின்னோக்கிக் கணித்த ரன்கள்தான் உண்டு. அந்தக் கணக்கில் ஸ்மித்தும் பால்டிமோரின் மார்க் பெலாஞ்சரும் இருநூறு ரன்னைத் தாண்டி ஏறக்குறைய சமமாக நிற்கிறார்கள். பெலாஞ்சர் எட்டு கோல்ட் க்ளவ் வாங்கியவர். பேட்டிங் சராசரி .228 என்பதால் இன்று பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை, அநியாயம்.

உச்ச ஆண்டு எது என்றால் சிம்மன்ஸின் 2013. ஃபீல்டிங் பைபிள் விருதும் அந்த ஆண்டு முதல் 2018 வரை ஆறு முறை தொடர்ந்து அவருக்கே. கல்லூரியில் பிட்ச்சராகவும் வீசிய கை அவருடையது, ஹோலிலிருந்து வரும் எறியில் அது தெரியும். முழு வாழ்க்கை என்றால் ஸ்மித், தயக்கமில்லை: 1980 முதல் 1992 வரை தொடர்ந்து 13 கோல்ட் க்ளவ், 8,375 அசிஸ்ட். அவரை ஒரே பந்தில் பார்க்க வேண்டுமானால் 1978 ஏப்ரலில் அட்லாண்டாவின் ஜெஃப் பரோஸ் அடித்ததைத் தேடிப் பாருங்கள். அதுதான் ஸ்மித்தின் முதல் சீசன். நடுவே போன பந்துக்கு இடப்பக்கம் பாய்கிறார், பந்து குத்தித் திசை மாறித் தலைக்குப் பின்னால் போகிறது. அந்தரத்தில் இருந்தபடியே க்ளவ் இல்லாத வலது கையைப் பின்னால் நீட்டிப் பிடித்து, எழுந்து முதல் பேஸுக்கு எறிகிறார். அவுட்.